பெயரை நீக்குமுன் ஓர் அழைப்பு

வட்டகொடைக்கு அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணக்கதிகாரியாக இருந்தபோது, பழைய கணக்கு மென்பொருளை மாற்ற முடிவாயிற்று. அதற்குமுன் பயனற்ற பதிவுகளைக் களைவதற்கு ஹட்டனிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். ஒல்லியான உருவம், கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கைவரை சுருட்டியிருப்பார்.

நெடுநாள் கொடுக்கல்வாங்கல் அற்றவர்களின் பெயர்களை நீக்குமாறு கூறியிருந்தோம். அவரோ ஒவ்வொரு பெயரையும் நீக்குமுன் உரியவரைத் தொலைபேசியில் அழைப்பார்.

ஒருநாள் விறகு வியாபாரி ஒருவரின் முறை வந்தது. தோட்ட நிர்வாகியான துரையோடு பிணங்கி விறகு அனுப்புவதை நிறுத்தியவர் அவர். அடைமழையில் உலர்ந்த விறகின்றிக் கொழுந்தைக் காயவைக்கும் அடுப்பு தணிந்துகொண்டிருந்தது. ஆயினும் அவரை அழைக்க எவருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெண்ணோ வழக்கம்போல் அழைத்தார்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல ஒங்க பேர எடுக்கப் போறோம். எடுக்கலாமுங்களா?"

மறுமுனையில் வியாபாரியின் உரத்த குரல் என் மேசைவரை கேட்டது.

"நான் இன்னும் சாகலியே தாயி. தொரை எடுக்கச் சொன்னாரா?"

"யாரும் சொல்லலங்க. வெறகு போடுறதா இருந்தா பேரு இருக்கும்."

"அங்க அடுப்பு எரியுதா?"

"பொகையுதுங்க."

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். மறுநாட் காலையில் விறகு லொறி வாசலில் நின்றது.

"பெயரை நீக்கத்தானே சொன்னோம்?" என்றேன்.

"கேட்டுட்டுத்தானேங்க ஐயா எடுக்கணும்," என்றவர் அடுத்தவரை அழைக்கத் தொடங்கினார்.

அது அவருடைய வேலையொழுங்கா, பிணக்கை அறிந்து செய்த சாமர்த்தியமா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. துரை மட்டும், இன்னும் சில பெயர்களை அவர் மெதுவாகவே களையட்டும் என்றார்.