யார் கண்ணிலும் படாத வீரர்

இன்று கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில், போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். கோட்டைக்குள் பதுங்கிப் போய் ஒரு பெட்டியைத் திருட வேண்டும். நான் ஈஸி லெவலை வைத்துக்கொண்டு, எதிரே வரும் காவலாளிகளை வெட்டிச் சாய்த்தபடி நேர்வழியில் போகிறவள்.

பின் சீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஈஸியிலயா ஆடுறீக? அது சின்னப் புள்ளைக ஆடுறதுல்ல?"

கேட்டேனா? இல்லை. ஆனாலும் பாடம் தொடங்கியது.

"நான்லாம் ஆகக் கஷ்டமான லெவல்தான்க்கா. ஒருத்தனையும் தொட மாட்டேன். ஒரு காவலாளி கண்ணுலயும் படாம முடிச்சிருக்கேன். அதுதான் ஆட்டம்!"

அதற்குள் அவருடைய மனைவியிடமிருந்து போன். "மதுரையில மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று கிசுகிசுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார். "சின்னமனூர் எறங்குறவுகல்லாம் வாங்க!"

போனிலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. "சின்னமனூர்ல என்னங்க மீட்டிங்கு? அங்கன யாரப் பாக்கப் போனீக?"

வீரர் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார். போனில் பேசும்போது எதற்கு ஒளிகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு காவலாளி கண்ணிலும் படாத வீரரை, அந்தம்மா பார்க்காமலேயே பிடித்துவிட்டார்.

அந்தம்மா எந்த லெவலில் ஆடுகிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.