தரையோடு படிந்த சிவப்புக் கோடு

நிலவியல் பேராசிரியர்மீது நான் எழுதிக் கொடுத்த முறையீடு எங்கள் கல்லூரிக் கோப்பில் இன்றும் இருக்கிறது. அதன் விளைவு எந்தக் கோப்பிலும் இல்லை. ஆதலின் இதை எழுதிவைக்க வேண்டியதாயிற்று. என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடக்கிறது. அதில் நீலக் கோடு, அவருடைய மாலைநேரப் பட்டயப் படிப்பின் இணையப் பக்கத்துக்கு வந்தோரைக் காட்டுவது; சிவப்புக் கோடு என் தமிழ்ப் பட்டயப் படிப்புக்கு உரியது.

இரண்டில் ஒன்றே அடுத்த ஆண்டும் தொடரும் என்று முதல்வர் அறிவித்திருந்தார். எதற்கு நாட்டம் மிகுதி என்று அறிய, இணையதள வருகைக் கணக்கை மாதந்தோறும் படமாக்கி அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்தார். பேராசிரியர் என்னினும் மிக இளையவர், சேத்தியாத்தோப்புக்காரர், மேடையில் நான்கு தொடர்களைப் பிழையின்றிப் பேச அறியாதவர். அவருடைய நீலக் கோடு ஏறிக்கொண்டே போயிற்று. பலகையைக் கடக்குந்தோறும் என் வயிறு எரிந்தது. அறைக்குத் திரும்பி, மணிக்கொரு முறை என் பக்கத்தைத் திறந்து, நான் இழைத்து இழைத்து எழுதிய முன்னுரையை வாசித்து ஆறுதல் கொள்வேன்.

ஒருநாள் கணினி ஆய்வகத்துக்குச் சென்றேன். எந்தக் கணினியில் இணையத்தைத் திறந்தாலும் முதலில் அவருடைய பக்கமே விரிந்தது. திரைப்படச் செய்தி பார்க்க வரும் மாணவனும் நீலக் கோட்டை உயர்த்திவிட்டுத்தான் போவான்! அன்று நான் அடைந்த மகிழ்ச்சி என் வயதுக்கு அழகன்று. வளாகத்தினுள்ளிருந்து எழும் வருகைகள் அனைத்தையும் நீக்க வேண்டும் என்று உடனே முறையீடு எழுதினேன்.

நீக்கினார்கள். மணிவாரியாகப் பிரித்த புதிய படத்தைக் கணினிப் பொறுப்பாளர் முதல்வர் அறையில் எங்கள் இருவர்முன் விரித்தார். நீலம் சற்றே தாழ்ந்திருந்தது. சிவப்போ தரையோடு படிந்துவிட்டது.

"சாருக்கு வந்த விசிட்ல முக்காவாசி தமிழ்த்துறை ரூம் கம்ப்யூட்டர்லேர்ந்துதாங்க" என்றார் பொறுப்பாளர், என் முகம் பாராமல்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். "இத்தினி வாட்டி நீங்களே படிச்சிகினு இருந்தீங்களா சார்? ஒரு தப்பாச்சும் சிக்கிச்சா?" பிறகு தாளில் விரல் வைத்தார். "லேப்ல அப்டி மாத்தி வச்சது எங்க பசங்க வேலை. தப்புதாங்க. ஆனா ரெண்டு மணிக்கு மேல பாருங்க, சுரங்கத்துல முதல் ஷிப்ட் வுட்டதும் ஏறுது. கான்ட்ராக்ட் ஆளுங்க மந்தாரக்குப்பம் ரூமுக்குப் போயி போன்ல பாக்கறாங்க. உங்க பக்கத்துக்கும் அப்ப நாலு பேரு வந்துருக்காங்க. கிளாஸ் எத்தினி மணிக்கு, யாரு சேரலாம், ஒண்ணும் இல்ல. போயிட்டாங்க." முதல்வரிடம் திரும்பினார். "சார் கோர்ஸுக்கு இன்னும் ஒரு வருசம் குடுங்க. பக்கத்த நான் சரிபண்ணித் தரேன்."

முதல்வர் இசையும் நிலையில் இருந்தார். நானோ, என் முன்னுரையில் ஒரு சொல்லையும் அகற்ற ஒப்பேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த இளையவர் கையால் பிழைப்பதைவிட என் படிப்பு மடிவதே மேல் என அன்று தோன்றிற்று. மடிந்தது.

பேராசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய படிப்பு நடக்கிறது. அந்தப் பக்கத்தை என் கைப்பேசியில் இன்றும் எட்டிப் பார்க்கிறேன். வகுப்பு நேரம் முதல் வரியிலேயே இருக்கிறது. பொறாமை தணிந்தபாடில்லை. வேலை முடிந்து களைத்த கையோடு என் வாசலுக்கு வந்து திரும்பிய அந்த நால்வரை அவரே கண்டார், நான் காணவில்லை.

தாளை மீண்டும் இழுப்பறையில் வைக்கிறேன். அக்காலத்தில் உடனிருந்தோர் இக்குறிப்பில் பிழை கண்டால் எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன். என்னையன்றி ஒருவரேனும் இதை வாசித்தார் என்பதையும் அதனால் அறிந்துகொள்வேன்.