வரைபடத்தில் விடுபட்ட ஓடை

பம்பாய் செம்பூரில் முப்பத்திரண்டு தமிழ்க் குடும்பங்கள் சொசைட்டி அமைத்து வாங்கிய நிலத்துக்கு மனைப்பிரிவு வரைபடம் போடும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அந்த முப்பத்திரண்டில் ஒன்று எங்கள் குடும்பம். வேலையை எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்ததே அப்பாதான். "என் பொண்ணு அங்கேதான் இருக்கா. நம்ம கண்ணு முன்னாடி வேலை நடக்கும்" என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறார். நான் பிறகு பட்ட பாட்டில் அந்த ஒரு வாக்கியத்துக்கும் பங்கு உண்டு.

அறுபதுகளில் எங்கள் மாட்டுங்காவில் படித்த பெண்கள் டைப் அடிக்கப் போவார்கள், இல்லையென்றால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போவார்கள். நான் தாதரில் ஒரு மராட்டிய ஆர்க்கிடெக்டிடம் ட்ரேசராக இருந்தேன். நாங்கள் அவரை சாஹிப் என்போம். சர்வேயர் பென்சிலில் வரைந்து தரும் தாளின்மேல் ட்ரேசிங் துணியை விரித்து, நான்கு மூலையிலும் பின் குத்தி, கீழே தெரியும் ஒவ்வொரு கோட்டையும் கறுப்பு மசியால் எடுப்பதுதான் என் வேலை. தப்பாகப் போட்டால் பிளேடால் சுரண்டலாம். ஆனால் சுரண்டிய இடத்தில் மறுபடி மசி பட்டால் பூரான்போல் கிளை விட்டுப் பரவும். அதனால் கோடு போடும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்திருந்தது.

முனிசிபாலிட்டி அனுமதி கொடுக்க வேண்டுமென்றால் வரைபடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு டைப் அடித்து என் மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தார் சாஹிப். வடக்கு எது என்று காட்டும் அம்பு, அளவுகோல், அக்கம்பக்கத்து நிலங்களின் சர்வே நம்பர், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் பாதையின் அகலம், நிலம் எங்கே மேடு எங்கே தாழ்வு என்பதற்கான மட்டங்கள், நிற்கும் மரங்கள், மின்கம்பங்கள், மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியேறும், பொது இடமாக எவ்வளவு விடப்படுகிறது. புதிதாக வருவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள். இரண்டாம் பக்கத்தின் அடியில், நிலத்துக்குள்ளோ எல்லையை ஒட்டியோ உள்ள கிணறு, குளம், நாலா. ஓடையைத்தான் பம்பாயில் நாலா என்பார்கள். எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதவேண்டும், காலியாக விடக்கூடாது.

அது மே மாதம். மழை தொடங்கிவிட்டால் இன்ஸ்பெக்டர் நிலத்தைப் பார்க்க வரமாட்டார் என்று சாஹிப் அவசரப்பட்டார். என் வேலையைச் சரிபார்க்க வேண்டிய டிராஃப்ட்ஸ்மேன் தங்கை கல்யாணத்துக்கு ரத்னகிரி போயிருந்தார். சர்வேயரோ இந்த நிலத்தை முடித்துக் கொடுத்துவிட்டு நாசிக் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை கொடுக்கவேண்டிய வரைபடத்தை வெள்ளிக்கிழமை மதியம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வடகிழக்கு மூலையிலிருந்து தெற்கு எல்லைவரை வளைந்து வளைந்து ஒரு மெல்லிய பென்சில் கோடு ஓடுவதைப் பார்த்தேன். விட்டுவிட்டு வரைந்த கோடு. பக்கத்தில் பெயர் எதுவும் எழுதவில்லை. ரப்பரால் அழித்து மிச்சமிருக்கும் கோடுபோலத் தெரிந்தது. கேட்க ஆள் இல்லை. சாஹிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அழித்த கோடுதான் என்று நானே முடிவு செய்து அதை விட்டுவிட்டேன். பட்டியலின் கடைசி வரிக்கு எதிரே, அழகான எழுத்தில், 'இல்லை' என்று எழுதினேன்.

வரைபடம் முனிசிபாலிட்டிக்குப் போயிற்று. இன்ஸ்பெக்டர் காய்ந்து கிடந்த நிலத்தைப் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் சொல்லாமல் போனார். சொசைட்டியில் சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்குப் பதினெட்டாம் நம்பர் மனை விழுந்தது. அப்பா ஒரு பிரிண்ட் வாங்கிவந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதை விரித்துக் காட்டுவார். இரண்டு அறையில் ஐந்து பேர் இருந்த வாடகை வீட்டில் அந்தத் தாளை முழுவதும் விரிக்க இடமில்லை. கட்டிலின்மேல் விரிப்பார். அம்மா சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்று விரலால் கோடு போட்டுப் பார்ப்பாள்.

ஜூன் பாதியில், சர்வேயரிடம் அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆள் ஆபீசுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருந்தார். சர்வேயருடைய அளவு நோட்டு ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது, அதை வாங்கிப்போக வந்திருந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, என் மேஜைமேல் கிடந்த செம்பூர் பிரிண்டைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது நம்ம செம்பூர் எடம்தான? ஓடயக் காங்கலியே?"

"எந்த ஓடை?"

"மலைப் பக்கமிருந்து வருதுல்லா, அது. வெயில்ல சும்மா பள்ளமாத்தான் கெடக்கும். நான் சங்கிலியப் பிடிச்சிக்கிட்டு அதுக்குள்ள எறங்கித்தான ஏறுனேன்." நான் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்த நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். "இந்தா, எழுதியிருக்காருல்லா. நாலான்னு."

எழுதித்தான் இருந்தது. நோட்டில் இருந்த சொல்லைத் தாளில் எழுத சர்வேயர் மறந்திருந்தார். நான் கேட்கத் தவறியிருந்தேன். நோட்டு மூன்று வாரமாக என் மேஜை டிராயரிலேயே கிடந்தது.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைவரை ஒரு கோடுகூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு குர்லா போய், அங்கே வண்டி மாறி செம்பூரில் இறங்கினேன். இரண்டு நாளாக விடாத மழை. நிலத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் வடகிழக்கு மூலையில் நுழைந்து, பென்சில் கோடு வளைந்த இடங்களிலெல்லாம் வளைந்து, தெற்கே போய்க்கொண்டிருந்தது. சொசைட்டி நட்டிருந்த மனைக் கற்களை வைத்து எண்ணினேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. எங்கள் மனையின் நடுவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்தபடி திரும்பவும் எண்ணினேன். அதே மூன்று எண்கள்தான் வந்தன.

அடுத்த நான்கு நாட்களை எப்படிக் கழித்தேன் என்பது இப்போதும் சரியாக நினைவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அப்பா ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது, தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாவிட்டால் மூன்று குடும்பங்கள் ஓடையின்மேல் வீடு கட்டும். பத்தொன்பதாம் மனை தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த ஒரு பாயுடையது. பதினேழு, ஒரு பள்ளிக்கூட ஆசிரியையுடையது. அவள் கணவனை இழந்தவள், இரண்டு பெண் குழந்தைகள். மழை ஓய்ந்ததும் அடித்தளம் தோண்டிவிடுவோம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வீட்டிலும் முனிசிபாலிட்டியின் அனுமதிக் கடிதம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். ஆபீஸ் வாசலில் தபால்காரரின் செருப்புச் சத்தம் கேட்டால், அந்தக் கடிதமாக இருக்கக்கூடாதே என்று எழுந்துபோய் நானே தபாலை வாங்கிப் பார்ப்பேன்.

"ஏண்டி, சாதத்தைப் பிசைஞ்சிண்டே ஒக்காந்திருக்கே?" என்று அம்மா கேட்டாள். தலைவலி என்றேன்.

ஐந்தாம் நாள் காலை, சாஹிப் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அவர் அறைக்குள் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் சொன்னேன். செம்பூருக்குப் போய்ப் பார்த்ததையும் சொன்னேன். அவர் சர்வேயரின் தாளை எடுத்துவரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"இங்கே 'இல்லை' என்று எழுதியது யார்?"

"நான்தான், சாஹிப்."

"கீழே கையெழுத்துப் போட்டது யார்?"

அது அவருடைய கையெழுத்து.

"சந்தேகம் வந்தபோது நான் அடுத்த அறையில்தானே இருந்தேன்?" என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் வரச்சொல்லி, முனிசிபாலிட்டிக்குப் போனார். அங்கே எங்கள் ஃபைலைப் பார்த்த இன்ஜினியர் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். "ஃபைல் மேலதிகாரி மேஜைக்குப் போய்விட்டது. இந்த வாரம் கையெழுத்தாகிவிடும். இப்போது திருப்பி எடுத்தால் வரிசையில் கடைசிக்குப் போகும். நிஜமாகவே எடுக்கவேண்டுமா?"

"எடுக்கவேண்டும்" என்றார் சாஹிப். அங்கேயே ஒரு கடிதம் எழுதினார். நான் பக்கத்தில் நின்று படித்தேன். வரைபடத்தில் ஒரு நாலா விடுபட்டுவிட்டது, பொறுப்பு தன்னுடையது என்று எழுதியிருந்தார். ட்ரேசர் என்ற சொல்லே அதில் இல்லை. ஆபீஸ் வாசலில் டாக்சியிலிருந்து இறங்கும்போது, "வீட்டில் நீயே சொல்லிவிடு. சொசைட்டி மூலமாகத் தெரியவேண்டாம்" என்றார்.

அன்று அப்பா ஆபீசிலிருந்து வரும் நேரத்துக்கு மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்தேன். வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஓவர்பிரிட்ஜ் ஓரமாக நின்று சொன்னேன். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. அப்பா காலி டிபன் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நம்ம மனையில எந்தப் பக்கமா வரது?"

"நடுவில, அப்பா."

"ம்" என்றார். "அங்கே தனியாவா போனே, அந்த மழையில?" என்று கேட்டார்.

சொசைட்டிக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நான் போகமாட்டேன் என்றேன். அப்பா விடவில்லை. "நீ வரைஞ்சது. கேட்டா நீதான் பதில் சொல்லணும்." பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். செயலாளர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள்.

"கையெழுத்தாகப் போற ஃபைலை எதுக்கு சார் திருப்பி எடுக்க விட்டேள்? ஒரு குழாயைப் போட்டு மூடிட்டா ஆச்சு" என்றார் ஒருவர்.

"முதல்ல இதை யார் வரைஞ்சது?" என்று கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார் இன்னொருவர். "உங்க பொண்ணுதானே சார்?"

அப்பா எழுந்தார். "ஆமாம், என் பொண்ணுதான் வரைஞ்சா. விட்டதும் அவதான், வந்து சொன்னதும் அவதான்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. அப்போது தோல் பட்டறைக்காரர், "அண்ணாச்சி, குழாயப் போட்டு மூடலாம்னு சொல்லுதீயளே, அந்த மனை ஒங்களுக்கு விழுந்திருந்தா மூடுவியளா?" என்று கேட்டார். அதன்பின் சத்தம் குறைந்தது.

நான் திரும்ப வரைந்தேன். இம்முறை டிராஃப்ட்ஸ்மேனும் சாஹிப்பும் இருவருமே சரிபார்த்தார்கள். ஓடையை அதன் வழியில் விட்டு, இரண்டு கரையிலும் இடம் ஒதுக்கினால் மூன்று மனைகள் போயின. மற்ற மனைகளைக் கொஞ்சம் குறுக்கி இரண்டை மீட்க முடிந்தது. மூன்றாவதற்கு இடமில்லை. பொது இடத்தில் கைவைக்க சட்டம் விடாது. எத்தனையோ விதமாகக் கோடு போட்டுப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்றுக்குமேல் வரவில்லை.

மூன்று குடும்பங்களுக்குள் சீட்டுக் குலுக்கி ஒருவரை விலக்குவது என்று கமிட்டி முடிவு செய்தது. குலுக்கலுக்கு முந்தின நாள் அப்பா செயலாளரைப் பார்த்து, மனை எங்களுக்கு வேண்டாம், பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்துதான் எங்களிடம் சொன்னார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "குலுக்கினா நமக்கும் மனை விழுந்திருக்குமோ என்னமோ. ஏன்னா, ஏன் இப்படிப் பண்ணினேள்?"

"விழுந்திருக்கலாம்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "அந்த டீச்சருக்கு இல்லேன்னு ஆயிருந்தா, நீ அவ மொகத்தைப் பார்த்திருப்பியா?"

நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, "மோர் சாதம்தான் வெச்சிருக்கேன்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று தாதர் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

அனுமதி வர அடுத்த கோடையாயிற்று. முப்பத்தொரு வீடுகளும் ஒவ்வொன்றாக எழும்பின. ஆசிரியை கிரகப்பிரவேசத்துக்கு எங்களைக் கூப்பிட்டாள். அப்பாவும் அம்மாவும் போனார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். என் வேலை போகவில்லை. ஆனால் சாஹிப் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்ப்பார். கல்யாணமாகி நான் அந்த ஆபீசை விடும்வரை அந்தப் பார்வை இருந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு முலுண்டில் இரண்டாம் மாடியில் ஒரு சிறிய ஃப்ளாட் வாங்கினோம். குடிபோன அன்று அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து, கீழே எங்காவது தண்ணீர் ஓடுகிறதா என்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாலைக் காய்ச்சப் போனாள்.