கெர்லிண்டே கேட்ட பில்

இத்தாலியின் அரெட்ஸோ நகரில் மாதாமாதம் முதல் ஞாயிறு கூடும் பழம்பொருள் சந்தையில் ஒத்தொரீனோவின் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் மனுஷனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. மனைவி ஃபோஸ்கா செத்துப்போனபிறகு வீட்டில் ஒரே தட்டு, ஒரே கரண்டி. தனிமை ஆளைத் தின்றுகொண்டிருந்தது, வேறென்ன சொல்ல!

மாதம் முழுக்க அவர் காத்திருந்தது கெர்லிண்டே என்ற ஆஸ்திரியக்காரிக்காக. கிராட்ஸ் நகரில் கடை வைத்திருந்த அந்த அம்மாள், இத்தாலிய மொழியில் கொள்முதலுக்கு வேண்டியதை மட்டும் நெட்டுருப் போட்டிருந்தாள். "பில் கொடுங்க." "வரி சேர்த்தா, தனியா?" "என் வரி எண் இது." அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் ஒத்தொரீனோ விடியுமுன்னே வந்து சாமான் பரப்புவார்.

அந்தச் சந்தையில் பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை. 'பில் வேண்டாம்' என்பது வேண்டியவர்களுக்குள் நடக்கிற சங்கதி. கெர்லிண்டேயோ பித்தளைப் பூட்டுக்குக்கூட பில் கேட்பவள்.

அன்று பக்கத்துக் கடை செத்தீமியோ வந்து நின்றான்.

"சேதி தெரியுமா? உன் ஆஸ்திரியக்காரி கடையை மூடுறாளாம். அவ சாமான் ஏத்துற லாரிக்காரன் சொன்னான். இன்னிக்குத்தான் கடைசியா வர்றாளாம்."

"என் ஆஸ்திரியக்காரியா? வாயைக் கழுவுடா!"

"நான் கழுவுறேன். நீ முதல்ல வாயைத் திற. பில் எழுதி எழுதியே கிழவனாயிட்டே!"

இன்று விட்டால் விட்டதுதான். ஒத்தொரீனோவுக்கோ ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது.

கெர்லிண்டே வந்தாள். வாதுமை மரச்சட்டம் போட்ட முகக்கண்ணாடி ஒன்றை எடுத்தாள். "பில் கொடுங்க" என்றாள்.

அவர் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டு எழுதினார்: கண்ணாடி, ஒன்று. கீழே இன்னொரு வரியும் எழுதினார்: மதியச் சாப்பாடு, முயல்கறி பாஸ்தா, இரண்டு பேருக்கு. அதற்கு விலை போடவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"வரி சேர்த்தா, தனியா?"

அட கடவுளே, புரியவில்லை போலிருக்கிறதே! "சே... சேர்த்துத்தாங்க" என்று அவர் திக்கினார்.

அவள் பேனாவை வாங்கி, சாப்பாடு என்று எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். செத்தீமியோகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒத்தொரீனோ கண்ணாடியைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார், தலையை நிமிர்த்தவேயில்லை.

கெர்லிண்டே இத்தனை வருடத்தில் சொல்லியே இராத ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கோத்தாள்.

"சாப்பாட்டுக்கு... பில்... வேண்டாம்."

ஒத்தொரீனோ கடையைச் செத்தீமியோவின் தலையில் கட்டிவிட்டு, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவளோடு நடந்தார்.