நான் அழித்த குறி

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைத்து மறைத்து நான் பட்ட பாட்டை வேறு யாரும் படக்கூடாது. அதனால் ஆண்டவருக்கு முன்பாக உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் எனக்கு மலத்தோடு இரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்துப் பல மாதங்கள் கைவைத்தியம் பார்த்தேன். கடைசியில் மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். ஆசனவாயோடு சேர்த்து எடுக்க வேண்டும், இனி வயிற்றில் போடும் துளை வழியாகத்தான் மலம் வரும், அதன்மேல் பை ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆயுசு முழுக்க இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மராத்திக்காரர் ஊரான ஆகுர்டியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து நானும் என் கணவரும் சாப்பிடவே இல்லை. நோயைவிட அந்தப் பையை நினைத்துத்தான் நான் செத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு சிஸ்டர் வந்தார். மராத்திக்காரர். பை போடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. என்னை நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், சம்மணம் போடச் சொன்னார். பாவாடை நாடாவை எங்கே கட்டுவேன் என்று பார்த்தார். பிறகு வயிறு மடியாத இடமாகப் பார்த்து மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டு ஒட்டினார். “காகூ, குளிச்சாலும் இது போகக் கூடாது. இதைப் பார்த்துத்தான் டாக்டர் துளை போடுவார்” என்று இந்தியில் சொன்னார். காகூ என்றால் மராத்தியில் சித்தி.

அன்று மாலை ஜெபக் குழுவிலிருந்து ஓர் அக்கா வந்து எனக்காக ஜெபித்தார்கள். “விசுவாசம் இருந்தா உன் மேல கத்தியே படாது தங்கச்சி” என்றார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். நான்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். அந்த வட்டம் என் வயிற்றில் இருப்பதே அவிசுவாசம் என்று மனசு குத்தியது. விடியற்காலையில் குளிக்கும்போது ஒட்டை உரித்துவிட்டு, தேங்காய் எண்ணெயும் சோப்பும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தேன். “ஆண்டவரே, நான் நம்புகிறேன்” என்று அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

கண் விழித்தபோது வயிற்றில் பை இருந்தது. குறி இல்லாததால், நான் படுத்திருந்தபடியே பார்த்து டாக்டர் துளை போட்டிருந்தார். படுத்தால் சரியாக இருக்கும். உட்கார்ந்தால் மடிப்புக்குள் போய்விடும். என்னை உட்கார வைத்துப் பார்த்த சிஸ்டர் முகம் மாறிவிட்டது. “குறி என்ன ஆச்சு காகூ?”

“தெரியல சிஸ்டர். துடைக்கும்போது போயிருக்கும்.”

ஆபரேஷனுக்கு என்னைத் தயார் செய்த சின்ன நர்ஸைக் கூப்பிட்டு என் கண்முன்னால் திட்டினார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். நான் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பை நிற்கவே இல்லை. ஒட்டினால் இரண்டு மணி நேரத்தில் கசியும். துளையைச் சுற்றித் தோல் வெந்து போனது. சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயை அதில் தடவினேன். எரிச்சல்தான் கூடியது. ஒரு ஞாயிறு துணிந்து சபைக்குப் போனேன். ஜெப நேரத்தில் ஈரம் சேலையில் இறங்கியது. பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, “மம்மி, வாஸ் யேதோய், நாத்தம் வருது, வேற இடத்துல உக்காருவோம்” என்றது. நான் எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு பல மாதம் வாசற்படி தாண்டவில்லை. பை நிறையக் கூடாது என்று சோற்றைக் குறைத்தேன். கணவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், “சிஸ்டர்கிட்ட காட்டுவோம், வாட்டி.” எந்த முகத்தோடு போவேன்?

“இந்தப் பையை எடுத்துப்போடும்” என்றுதான் தினமும் ஜெபித்தேன். பதில் இல்லை. லெந்து உபவாச நாட்களில் ஒரு ஞாயிறு, கணவர் மட்டும் ஆராதனைக்குப் போயிருந்தார். முழங்கால் போட முடியாமல் படுத்தபடியே ஜெபித்தேன். அப்போது அழுதுகொண்டு போன அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது. பையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. “பை இருக்கட்டும் ஆண்டவரே. இந்தப் பொய்யை என்னால் சுமக்க முடியவில்லை. சொல்ல எனக்குப் பெலன் தாரும்” என்றேன். அவ்வளவுதான் ஜெபம்.

கணவர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

“ஏங்க, அந்தக் குறியை அழிச்சது நான்தான்.”

செருப்பைக் கழற்றாமல் நின்றார். “என்னட்டி சொல்லுத?”

எல்லாம் சொன்னேன்.

“தேங்கா எண்ணெ வச்சா தேச்ச? என் கம்பெனிச் சட்டை கிரீஸுக்கு ஒரு நாளாவது இப்பிடித் தேச்சிருக்கியா, கிறுக்கி?” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். பிறகு, “நாளைக்கே போறோம்” என்றார்.

சிஸ்டரிடமும் எல்லாம் சொன்னேன். “அந்தப் பொண்ணு இன்னும் இங்கதான் இருக்கா. முதல்ல அவகிட்ட சொல்லுங்க” என்றார். வார்டில் எல்லார் முன்பாகவும் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “ஜாவூ த்யா காகூ, போகட்டும்” என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் சிஸ்டர் என் வயிற்றைப் பார்த்தார். ஆபரேஷன் ஆன புதிதில் துளை வீங்கியிருக்கும், வாரங்கள் போகப் போகச் சுருங்கும். நானோ பையை ஒட்டும் தட்டில் பழைய அளவிலேயே ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். இடைவெளியில் மலம் பட்டுத்தான் தோல் வெந்தது. அளந்து வெட்டக் கற்றுக்கொடுத்தார். மடிப்பை நிரப்ப மெழுகு போன்ற ஒரு வளையமும், உள்ளே அழுத்தும் குவிந்த தட்டும் கொடுத்தார். வெறும் தண்ணீரில் கழுவு, நன்றாக உலர விடு, பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய், வயிறாரச் சாப்பிடு என்றார். எண்ணெயைப் பற்றிச் சொன்னதும், “எண்ணெய் இருந்தா எப்படி ஒட்டும்? அதை நெத்தியில வைங்க காகூ, வயித்துல வேண்டாம்” என்றார். அத்தனை மாதத்தில் அன்றுதான் நான் சிரித்தேன்.

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. உயிர்த்தெழுந்த பண்டிகை ஆராதனையில் கடைசி ஜெபம் வரை உட்கார்ந்திருந்தேன். திருவிருந்து எடுத்தேன். சேலை உலர்ந்தே இருந்தது. ஸ்தோத்திரம்.

பை போகவில்லை. போகாது. சில நாள் இன்னும் கசியும். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பயம்தான். ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று தைரியமாகச் சொல்வேன். நான் பல மாதம் கேட்டதைத் தரவில்லை; கடைசியாகக் கேட்டதை அன்றைக்கே தந்தார். குறி போட்ட அந்தக் கையும் அவர் அனுப்பியதுதான் என்று இப்போது தெரிகிறது.

இதே பையோடு கதவை அடைத்துக்கொண்டு யாராவது இருந்தால், கர்த்தரை நம்பி வெளியே வாருங்கள். உங்களைப் பார்க்கிற சிஸ்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். சபைக்கு வர பயமாக இருந்தால், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் நான் இருப்பேன். என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் எழுந்து வேறு இடத்துக்குப் போகமாட்டேன்.