பாதிப் பெட்டி

திருப்பூரில் யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிடச் சொல்வார்கள். சொன்ன உடனே நான் உட்கார்ந்துவிடுவேன். பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் நான். இந்த ஊர் மரியாதையின் நெளிவு சுளிவு எனக்குத் தெரியாது என்பதே தெரியாமல் பல வருடம் ஓட்டிவிட்டேன்.

பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. தனியாள், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரம்மா. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். போன வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தனுஷ்கோடி போய், அங்கிருந்து கடலை ஒட்டியே திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்தவர், “நீங்களும் வாங்களேன், ரெண்டு பேருமாப் போயிட்டு வரலாமுங்க” என்றார்.

“வாரேன்க்கா” என்றேன். அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஊர்ப் பயணம் என்றால் பண்டிகைக் கூட்டத்தில் பஸ் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவதுதான். காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடிப்பது எல்லாம் யாருக்கோ நடப்பது. அதனால் அந்தப் பயணத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் போனில் மேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று பேச்சு. திருச்செந்தூரில் முருகனைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்றார் அவர். வழியில் எங்கள் ஊர் மாதா கோவிலிலும் நிறுத்த வேண்டும் என்றேன் நான். தலையாட்டினார்.

பெட்டி அவருடையது. பெரிய சிவப்புப் பெட்டி. தன் துணிகளையும் போட்டு மாடிக்குக் கொண்டுவந்து தந்தார். என் கையால் மடித்தால் பாதி இடம்தான் பிடிக்கும் என்று ஒரு ஐஸ் வேறு. நானும் குளிர்ந்துபோய், கம்பெனி மடிப்பில் கழுத்து மேலே தெரிய மடித்து, ஒவ்வொன்றையும் பாலி பேக்கில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, டேப் ஒட்டினேன். ஒரு பக்கம் அவர் துணி, மறுபக்கம் என் துணி. ஏற்றுமதிக்குப் போகிற மாதிரி இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் டீ நேரத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் வெள்ளகோவில்காரி கேட்டுவிட்டுச் சிரித்தாள். எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்றாள். ஒரு தடவை என்றேன்.

“ஒருக்காக் கூப்புட்டதுக்கேவா? வாங்கன்னு சொல்றது எங்க வழக்கமுங்க. நீங்க இருக்கட்டுங்கன்னு சொல்லோணும். மூணு தடவ கூப்புட்டாத்தான் நெசம்.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ஊரில் நான் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில் இன்னொரு கரண்டி சட்னி கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை, தட்டைத்தான் பார்த்தேன். முகமெல்லாம் எரிந்தது. இவ்வளவு வெட்கம் கெட்டவளா நான் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனபோது வீட்டுக்காரம்மா கார் டிக்கியில் தண்ணீர் கேனையும் முறுக்கு டின்னையும் ஏற்றிக்கொண்டிருந்தார். படியிறங்கும்போதே பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். “இருக்கட்டுங்க. கம்பெனில ஷிப்மெண்ட் இருக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க.” இந்த ஊர்ப் பேச்சின் ‘ங்க’ என் வாயில் கல் மாதிரி உருண்டது.

பெட்டியை வாங்கியவர் அதன் கனம் குறைந்திருப்பதை உணர்ந்து, டிக்கியின் விளிம்பில் வைத்து ஜிப்பைத் திறந்தார். ஒரு பக்கம் அவர் துணி. மறுபக்கம் வெறும் லைனிங் துணி தெரிந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் ஷிப்மெண்ட் பொய் நிற்கவில்லை. வெள்ளகோவில்காரி சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

“மூணு தடவ கூப்புடறதுக்கு நீங்க என்ன விருந்தாளியாங்க?” என்றார்.

குரல் உயரவே இல்லை. துணைக்கு ஆள் இருந்தால்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார்களாம். “எனக்கு ஆள் இருக்குது” என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தாராம். இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேனை இறக்கிக் கீழே வைத்தார்.

டீ நேரத்தில் பட்டது வெட்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அது, நாலு பேர் என்னை என்ன நினைத்திருப்பார்கள் என்ற கவலை. இவரோ என்னை நம்பி வீட்டில் வாதாடியிருக்கிறார். நான் இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எவளோ சிரித்ததைக் கேட்டுப் பெட்டியைக் காலி செய்திருக்கிறேன்.

“நானும் வாரேன்க்கா” என்றேன்.

“இருக்கட்டுங்க. நீங்க ஷிப்மெண்டப் பாருங்க.” முறுக்கு டின்னும் இறங்கியது.

மறுபடி கேட்டேன். பரவாயில்லை என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. கீழே இருந்த தண்ணீர் கேனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “என்னையும் கூட்டிட்டுப் போங்கக்கா” என்றேன்.

அவர் திரும்பினார். பிறகு கேனை என் கையிலிருந்து வாங்கி டிக்கிக்குள் வைத்தார்.

“போ. போயி உன்ற துணியெ எடுத்துட்டு வா.”

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ‘ங்க’ போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பெட்டியை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல் மாடிப்படி ஏறினேன்.