இல்லாத கைக்கு ஒரு வாட்ச்

காலையில் கணவர் கடைக்குக் கிளம்புமுன் எலிசாள் அவருக்கு வாட்ச் கட்டிவிடுவாள். மணி பார்ப்பதற்கு அல்ல. சுவாமிதாஸ் வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைப்பார். அவள் வட்டத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பி, வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டி, மணிக்கட்டில் விரல் விட்டு இறுக்கம் பார்ப்பாள். பிறகு அலமாரியின் முகக்கண்ணாடி பதித்த கதவை நேராகத் திறந்து, அது ஆடாதிருக்க அடியில் மடித்த அட்டையைச் செருகுவாள். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கதவின் விளிம்பைப் பார்த்தபடி உட்காருவார். வலது கை கண்ணாடிக்கு முன்னால் இருக்கும். முழங்கைக்கு மேலே முடிந்துபோகும் இடது கை கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். தலையைச் சற்றுச் சாய்த்தால் போதும், கண்ணாடிக்குள் ஓர் இடது கை இருக்கும். முழுசாக, விரல்களோடு, வாட்சோடு. அந்த வாட்சில் மட்டும் நேரம் பின்னோக்கி ஓடும்.

எத்தனை நாளானாலும் அந்த நேரத்தில் எலிசாள் அடுப்படிக்குப் போவதில்லை. சோறு குழைந்தாலும் குழையட்டும் என்று அங்கேயே நிற்பாள்.

வித்துரா என்ற மலையூருக்கு மேலே, பொன்முடி ரோட்டோரச் சரிவுகளில் வெட்டிய மரங்களைக் கயிறு கட்டிக் கீழே லாரிக்கு இறக்குவதுதான் சுவாமிதாஸின் வேலையாக இருந்தது. பாறசாலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வித்துராவிலேயே வேர்விட்டுப்போன குடும்பம். ஒரு மழைக்கால முடிவில் மரம் ஒன்று ஈரச் சரிவில் வழுக்கியது. கயிறு அவருடைய இடது கையில் சுற்றிக்கொண்டது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அவரும் அதையே சொன்னார். கயிற்றுக்கும் அதைச் சுற்றிவிட்டு இறக்கும் தாங்குமரத்துக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கிய கையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறியது. கை மட்டும் போகவில்லை. இல்லாத இடத்தில் அது இருந்தது, முஷ்டி பிடித்தபடி. விரல்கள் இறுகி, நகங்கள் உள்ளங்கையில் இறங்கி, கயிறு உரசிய எரிச்சலோடு அப்படியே இருந்தது. வலி ஏறும்போது, கை போனபிறகு போட்ட வாழைக்குலைக் கடையில் தராசை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார். மாத்திரை போட்டால் வலி மங்கும், அவரும் கூடவே மங்கிப்போவார். ஏத்தன் குலை கேட்டு வந்தவருக்கு ரசகதலியை எடுத்துக் கொடுப்பார்.

ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். “எனக்க கையெ ஒண்ணு தொறந்து விடு பிள்ளே. நகம் குத்துது.”

எலிசாள் அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். வெறும் காற்றில் எங்கே தொடுவது? விரல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இங்கே, இன்னும் கொஞ்சம் கீழே என்று சொன்னார். அவள் அந்த இடத்தில் தன் இரண்டு கையையும் குவித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

அதன்பிறகுதான் அவர் மிச்சக் கையையும் தோளோடு எடுத்துவிடலாம் என்று சொல்லத் தொடங்கினார். மெடிக்கல் காலேஜில் கேட்டார். இன்னும் வெட்டினாலும் இந்த வலி நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அவர் நம்பவில்லை. வேறு எங்காவது போய்ச் செய்துகொள்வேன் என்றார். கிறிஸ்துமஸ் வரை பொறுங்கள் என்று எலிசாள் கெஞ்சி வாக்கு வாங்கினாள். வெட்டிய பிறகும் வலி இருந்தால் இந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருப்பார் என்பதுதான் அவளுடைய பயம்.

தீராத வலிக்காரர்களைப் பார்க்க வீடு வீடாக வரும் பாலியேட்டிவ் நர்ஸ் அஞ்சுதான் கண்ணாடி யோசனையைக் கொண்டுவந்தாள். கை போனது தலைக்கு இன்னும் தெரியவில்லை, அதற்கு ஒரு கையைக் காட்டிப் பார்ப்போம் என்றாள்.

“கண்ணாடியெப் பாத்தா தல சீவலாம் சிஸ்டரே. வலி போவுமா?”

“போகல்லேன்னா தலையாவது சீவலாம் அண்ணே. உக்காருங்க.”

உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். வலது கையை மெல்ல அசைத்தார். அவர் முகம் மாறுவதை எலிசாள் பார்த்தாள். கடலை முதல்முதலாகப் பார்க்கிற குழந்தையின் முகம் அப்படித்தான் இருக்கும்.

“கை வந்துட்டு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆனால் சில நாள் கழித்து எழுந்து கதவைத் தள்ளிவிட்டார். அது எனக்க கை இல்ல, எவனுக்க கையோ என்றார். எலிசாள் யோசித்து யோசித்து, அந்தக் கையில் எப்போதும் ஒரு வாட்ச் இருந்ததை நினைவுக்குக் கொண்டுவந்தாள். மரம் இறக்கும்போது கண்ணாடி உடையாதிருக்க வட்டத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார். சந்தையில் தேடி அதே மாதிரி ஒன்றை வாங்கி வலது கையில் கட்டிவிட்டாள். அன்றைக்குக் கட்டைவிரல் மட்டும் நெகிழ்ந்தது. வலி ஒரு பொழுது தள்ளி நின்றது. மற்ற நான்கு விரல்களும் அசையவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் போகத்தான் போகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எலிசாளின் தம்பி லிஜோ அந்த டிசம்பரில் லீவுக்கு வந்தான். அவனும் அவரோடு மரம் இறக்கினவன்தான். விபத்து நடந்த கொஞ்ச நாளிலேயே துபாய்க்குப் போனவன், அதன்பிறகு அத்தானை ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. அந்த ஆற்றாமை அவளுக்கு உண்டு. காலையில் பையும் கையுமாக வந்து வாசலில் நின்றான். சுவாமிதாஸ் அப்போது கண்ணாடி முன்னால் இருந்தார். லிஜோ உள்ளே வந்து அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தலை நிமிரவில்லை.

சுவாமிதாஸ் கண்ணாடியிலிருந்து கண்ணெடுத்து அவனைப் பார்த்தார்.

“கால் எப்பிடி இருக்கு டே?”

“நல்லா நடக்கேன் அத்தான்.”

இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவனிடம் காலைப் பற்றி என்ன கேள்வி என்று எலிசாளுக்குத் தோன்றியது. விமானத்தில் உட்கார்ந்தே வந்ததால் கால் வீங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சுவாமிதாஸ் மறுபடி கண்ணாடிக்குத் திரும்பி வலது கையை விரித்தார். கண்ணாடிக்குள் இடது கை விரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், எதுவுமே இல்லாத இடத்தில் ஏதோ நடந்தது. அவர் தோள் இறங்கியது. கழுத்து நரம்பு தளர்ந்தது. நெடுநாள் சுமந்த பாரத்தை இறக்கி வைத்தவரைப் போல ஒரு மூச்சு வந்தது.

“விட்டுட்டு பிள்ளே,” என்றார். “நாலு விரலும் விட்டுட்டு.”

எலிசாள் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மடித்து ஊசி குத்தின சட்டைக் கையும் அதற்குக் கீழே காற்றும்தான் இருந்தன. அந்தக் காற்றின்முன் அவள் தலைக்கு முக்காடு போட்டு நின்றாள், சர்ச்சில் நிற்பதுபோல.

கிறிஸ்துமஸ் கழிந்தது. தோளோடு வெட்டும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. மழை இறங்கினால் முஷ்டி மறுபடி மூடிக்கொள்ளும். அப்போது மிச்சக் கையை வெந்நீர்த் துணியால் ஒற்றி, தேங்காய் எண்ணெய் தேய்த்து, வாட்சைக் கட்டி உட்கார வேண்டும். சில நாள் திறக்கும். சில நாள் பாதியில் நிற்கும். பாதி திறந்தாலே கடைக்குப் போய்விடுவார். இப்போதெல்லாம் ஏத்தன் கேட்டால் ஏத்தன்தான் கிடைக்கிறது.

அன்றைக்கு மரம் வழுக்கியபோது கீழே ஓர் ஆள் நின்றிருந்தது பின்னால்தான் தெரிந்தது. லீவு முடிந்து திரும்புகிற நாளில், வித்துரா பஸ் ஸ்டாண்டில் வைத்து லிஜோ எலிசாளிடம் சொன்னான், நின்றது தான்தான் என்று. பாறை இடுக்கில் அவன் கால் மாட்டியிருந்தது. சுவாமிதாஸின் கையில் கயிறு தானாகச் சுற்றிக்கொள்ளவில்லை. நழுவிய கயிற்றை அவர்தான் தன் கையில் சுற்றிக்கொண்டார். அவன் காலை உருவிக்கொண்டு ஏறி வரும்வரை விடவில்லை.